சந்தாதாரருக்குச் சஞ்சிகை தருவது என்ன?

சென்ற ஆடித் திருவிழாவுக்கு, லண்டனில் வாழும் என் மனைவியின் தமையனார் உடப்புக்கு வந்திருந்தார். எங்கள் ஸ்ரீ திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவரது நெடுநாளைய ஆசை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1985-ஆம் ஆண்டில் 12 வயதுச் சிறுவனாகச் சித்தப்பா குடும்பத்தாரிடம் லண்டனுக்கு அனுப்பிவைக்கப்பட்டவர் அவர். தங்கைக்கு ஒரு சேலை, பிள்ளைகளுக்கு இனிப்பு, எனக்கு ஒரு பேனா என்று பயணப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர், கடைசியாகப் பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையை எடுத்தார். அட்டையில் கண்ணைப் பறிக்கும் வர்ணச் சித்திரம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கணினி விளையாட்டுகள்.

தமிழாசிரியன் ஒருவனுக்குக் காட்டுவதற்கு இதிலே என்ன இருக்கிறது என்று நான் நினைத்ததை அவர் என் முகத்திலிருந்தே வாசித்திருக்க வேண்டும். "மச்சான், இது நான் கடையில வாங்கினதில்லை; எனக்கு வந்தது" என்றார். வாங்கியதற்கும் வந்ததற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல அவருக்கு மூன்று மாலைகள் தேவைப்பட்டன. கரைவலை இழுத்து முடிந்த மணலில் அமர்ந்து அவர் சொன்னவற்றையும், அவர் போன பின் நான் தேடி அறிந்தவற்றையும் சேர்த்தே இன்று உங்கள் முன் வைக்கிறேன். சிற்றிதழ்களோடு உறவு கொண்ட எவருக்கும் இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது என நம்புகிறேன்.

முதலில் அந்தக் காலத்து வீட்டுக் கணினியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1982 ஏப்ரலில் பிரித்தானியாவில் கிளைவ் சின்கிளயரின் நிறுவனம் 'ஸ்பெக்ட்ரம்' என்ற சிறிய கணினியை விற்பனைக்கு விட்டது. 16 கிலோபைட் நினைவகம் உள்ளதன் விலை 125 பவுண். 48 கிலோபைட் உள்ளது 175 பவுண். இன்று நாம் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அந்த 48 கிலோபைட்டுக்குள் அடக்குவது கடினம். அதே ஆண்டில் அமெரிக்காவில் 'கொமடோர் 64' வந்தது. இவற்றுக்கெனத் தனித் திரை கிடையாது; வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க வேண்டும். நிரல்களைச் சேமித்து வைப்பதோ நாம் சினிமாப் பாட்டுப் பதிந்து கேட்ட அதே ஒலிநாடாவில். நாடாவை ஓடவிட்டால் கீச்சென்று ஓர் இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல்தான் நிரல். சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் திரையில் விளையாட்டுத் தோன்றும். நடுவில் ஏதும் பிசகினால் நாடாவைத் திருப்பிச் சுற்றி மறுபடி தொடங்க வேண்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனி அதை வைத்து என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடையாகவே வீட்டுக் கணினிச் சஞ்சிகைகள் பிறந்தன. அவை வாசகருக்கு முதலில் கொடுத்தது ஒரு வேலை. ஆம், வேலைதான். பக்கம் பக்கமாக 'பேசிக்' என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட நிரல் வரிகளை அச்சிட்டார்கள். வாசகர் அந்தப் பக்கத்தை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தம் கணினியில் தட்டெழுத வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும், ஓர் எண் மாறினாலும் விளையாட்டு ஓடாது. மைத்துனர் ஒரு சனிக்கிழமை முழுவதும் தட்டெழுதி, இரவு ஓடவிட்டபோது திரையில் பிழைச் செய்தி மட்டும் வந்ததாம். மறுநாள் சித்தப்பா பக்கத்திலிருந்து வரி வரியாக வாசிக்க, இவர் திரையில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஆங்கில 'ஓ' எழுத்து வரவேண்டிய இடத்தில் பூச்சியம் விழுந்திருந்ததாம்.

இதைக் கேட்டபோது எனக்கு ஏடு பெயர்த்தெழுதியவர்களின் நினைவு வந்தது. ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதும் அதே முறை. எழுதுபவர் அயர்ந்தால் நுழைந்துவிடும் அதே பிழை. ஒரேயொரு வேறுபாடு உண்டு. ஏட்டிலே நுழைந்த பிழை பாடபேதம் என்ற பெயரோடு பல தலைமுறை வாழ்ந்துவிடும். கணினியிலே நுழைந்த பிழை அன்றிரவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிழை திருத்துவதற்கும் அச்சஞ்சிகைகள் வழி செய்தன. 1983 ஜூலையில் அமெரிக்காவில் தொடங்கிய 'கொம்பியூட்ஸ் கசற்' என்ற சஞ்சிகை, கொமடோர் கணினி வைத்திருப்போருக்கானது. அது அதே ஆண்டு ஒக்டோபரில் ஒரு சிறிய 'தானியங்கிப் பிழைதிருத்தி' நிரலை வாசகருக்குக் கொடுத்தது. ஒவ்வொரு வரியையும் தட்டெழுதி முடித்ததும் திரையில் ஓர் எண் தோன்றும். சஞ்சிகையில் அதே வரியின் அருகே அச்சிட்டிருக்கும் எண்ணோடு அது பொருந்தினால் வரி சரி, பொருந்தாவிட்டால் பிழை. எழுத்துகள் இடம் மாறி விழுந்த பிழையை மட்டும் இந்த முதல் திருத்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை. 1986-இல் வந்த புதிய திருத்தி அதையும் பிடித்தது. அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்த்தவர்கள் இந்தக் குறிப்பை வாசித்தால் புன்னகை செய்வார்கள். எழுத்து இடம் மாறும் பிழைதானே எப்போதும் நம் கண்ணை ஏமாற்றிவிட்டு அச்சேறுகிறது!

தட்டெழுதிய பிள்ளை விளையாட்டை மட்டும் பெறவில்லை. இந்த வரியை மாற்றினால் என்ன ஆகும், இந்த எண்ணைக் கூட்டினால் எதிரி வேகமாக வருவானா என்று பார்க்கத் தொடங்கினான். அப்படித் தொடங்கியவர்களில் பலர் பின்னாளில் கணினித்துறையையே தொழிலாக்கிக்கொண்டார்கள். எங்கள் உடப்புக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கரைவலையின் கயிற்றில் கை வைத்து இழுத்தவர் வழிப்போக்கராயினும், வலை ஏறியதும் அவருக்குக் கறிக்கு ஒரு கை மீன் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். கயிறு இழுத்தவனுக்குப் பங்கு உண்டு. சஞ்சிகையிலும் அப்படித்தான். தட்டெழுதிய வாசகன் அந்த விளையாட்டில் ஒரு பங்குக்காரன் ஆனான்.

இனி, மைத்துனரின் கையிலிருந்த சஞ்சிகைக்கு வருகிறேன். அதன் பெயர் 'கிராஷ்'. ஸ்பெக்ட்ரம் கணினிக்கென வெளிவந்தது. பிறந்த இடம் லண்டன் மாநகரம் அன்று. ஷ்ரொப்ஷயர் மாவட்டத்திலுள்ள லட்லோ என்ற, பழைய கோட்டை ஒன்றைக் கொண்ட சிறிய சந்தை நகரம். ரொஜர் கீன், ஒலிவர் ஃப்ரே, அவரது சகோதரர் ஃபிராங்கோ ஃப்ரே ஆகிய மூவர் 1983-இல் தபால் மூலம் விளையாட்டு ஒலிநாடாக்களை விற்கத் தொடங்கினார்கள். விற்பனைக்காக ஒரு விலைப்பட்டியல் அச்சிட்டார்கள். அந்தப் பட்டியல்தான் வளர்ந்து 1984 பெப்ரவரி இதழோடு சஞ்சிகை ஆயிற்று. 1985-இல் கொமடோர் கணினிக்கென 'ஸப் 64' என்ற இன்னொரு சஞ்சிகையையும் அவர்களது 'நியூஸ்ஃபீல்ட்' நிறுவனம் வெளியிட்டது. அட்டைச் சித்திரங்களை ஒலிவர் ஃப்ரே தூரிகையால் தீட்டினார். விளையாட்டின் திரையிலே தெரிந்தவை சில சதுரங்களும் புள்ளிகளும்தான். அந்தச் சதுரத்தைக் கதாநாயகனாகவும் அந்தப் புள்ளியைப் பறவை நாகமாகவும் காணும் கற்பனையை அட்டைச் சித்திரமே பிள்ளைகளுக்குக் கொடுத்தது.

விமர்சனத்தில் அவர்கள் கைக்கொண்ட முறை நம் இலக்கிய உலகம் கவனிக்க வேண்டியது. லட்லோ நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகளை அழைத்து விளையாட்டுகளை ஆடவிட்டார்கள். ஒரு விளையாட்டுக்கு ஒரே தீர்ப்பு இல்லை. மூன்று பேரின் கருத்துகள் தனித்தனியே அச்சாயின. ஒருவர் புகழ, மற்றவர் குறை சொல்ல, மூன்றாமவர் நடுவில் நிற்பார். அதன் பின் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி. தன் வயதையொத்த ஒருவன், தன்னைப் போலவே கைச்செலவுக் காசைச் சேர்த்து நாடா வாங்குபவன் சொல்வது என்பதால் வாசகன் நம்பினான். விளையாட்டுகளை விற்கும் நிறுவனங்களே சஞ்சிகைக்கு விளம்பரமும் கொடுத்தன என்பதையும் நினைவிற் கொண்டால், வாசகன் பக்கம் நின்று குறை சொல்வது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். நம் நூல்களின் அணிந்துரைகளில் நூற்றுக்கு நூறுக்குக் குறைவாக எவரும் பெற்றதாக நான் அறியேன்!

அடுத்தது கடிதப் பகுதி. 'லொயிட் மங்ரம்' என்ற பெயரில் ஒருவர் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். அப்படி ஒரு மனிதர் இருக்கவில்லை; ஆசிரியர் குழுவினர் படைத்த பாத்திரம் அவர். ஆனாலும் வாசகருக்கு அவர் உயிருள்ள மனிதரே. நம் நாட்டில் இதற்கு ஒப்புமை தேடினால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது, டொமினிக் ஜீவா 'மல்லிகை'யில் நடத்திய 'தூண்டில்' கேள்வி-பதில் பகுதி. அங்கே பதில் சொன்னவர் கற்பனை மனிதர் அல்லர். கையில் இதழ்க் கட்டோடு தெருவில் நடந்து வந்து வாசகரைச் சந்தித்தவர். வழிமுறை வேறாயினும், எங்கோ ஓர் ஊரிலிருந்து எழுதும் முகமறியாத வாசகருக்கு, 'உன் குரல் எனக்குக் கேட்டது' என்று சொல்லும் காரியம் இரண்டிலும் ஒன்றே.

விளையாட்டுகளில் பல, நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட மாளிகைகளாகவும் குகைகளாகவும் அமைந்தவை. வாசகர்கள் அவற்றினுள்ளே அலைந்து, ஒவ்வோர் அறையாகக் குறித்து, கையால் வரைபடம் வரைந்து சஞ்சிகைக்கு அனுப்பினார்கள். நல்ல வரைபடங்கள் வரைந்தவர் பெயரோடு அச்சாயின. மைத்துனரும் ஒன்று அனுப்பியிருக்கிறார். அது வெளிவரவில்லை. "ஆனா மச்சான், ஒவ்வொரு மாசமும் வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன் பாருங்கோ, அதுவும் ஒரு சுகம்தான்" என்றார். முதற் கவிதையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக் காத்திருந்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

வாசகருக்குக் கொடுப்பதில் ஒரு சஞ்சிகை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு யூகோஸ்லாவியாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அந்த நாட்டில் அன்று வெளிநாட்டுக் கணினிகளை இறக்குமதி செய்யக் கடுமையான வரம்புகள் இருந்தன. வொயா அந்தோனிச் என்ற பொறியியல் வல்லுநர் 1983-இல், எளிய உதிரிப் பாகங்களைக் கொண்டு எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க ஒரு கணினியை வடிவமைத்தார். 'கலக்சியா' என்ற விஞ்ஞானச் சஞ்சிகை, தெயான் ரிஸ்தானோவிச் பொறுப்பில் 'உங்கள் வீட்டில் கணினிகள்' என்ற சிறப்பிதழை 1984 ஜனவரி இதழாக வெளியிட்டு, அதில் அக்கணினியின் முழு வரைபடத்தையும் அச்சிட்டது. உதிரிப் பாகங்கள் கேட்டு 8000-க்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். சஞ்சிகையின் பெயரே கணினியின் பெயரும் ஆயிற்று. நிரல் மட்டுமன்றிக் கணினியையே வாசகர் கையால் செய்ய வைத்த சஞ்சிகை அது.

வானொலியில் ஒலித்துப் பத்திரிகையில் அச்சேறும் இந்தத் தொடரில் இன்னொரு செய்தியையும் நான் சொல்லாமல் விடக்கூடாது. நிரல் என்பது ஒலிநாடாவில் பதிந்த இரைச்சல்தான் என்றேன் அல்லவா? அப்படியானால் அதை வானொலியிலும் ஒலிபரப்பலாமே! பெல்கிறேட் வானொலியில் ஸொரான் மொத்லி என்ற அறிவிப்பாளர் தம் நிகழ்ச்சியில் அதைச் செய்தார். நேயர்கள் வானொலிப் பெட்டியிலிருந்து நாடாவில் பதிந்து, தம் கணினியில் ஏற்றினார்கள். நெதர்லாந்தில் 'ஹொபிஸ்கூப்' என்ற வானொலி நிகழ்ச்சியும் இவ்வாறே செய்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் பேசிக் மொழியைத் தன் தன் வட்டார வழக்கிலே பேசியதால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வழக்கை 'பேசிகோட்' என்ற பெயரில் வகுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் உடப்பாரும் தத்தம் பேச்சை வீட்டில் வைத்துவிட்டு, வானொலியில் பொதுத்தமிழ் பேசுவதைப் போன்றது இது.

இவ்வளவும் வாசகருக்குக் கிடைத்தவை. கடையில் வாங்கிய வாசகருக்கும் இவை கிடைத்தன. அப்படியானால் சந்தாதாரருக்குத் தனியே கிடைத்தது என்ன? ஓராண்டுச் சந்தா கட்டுபவருக்கு ஒரு விளையாட்டு நாடா இலவசம், அல்லது விலைக் கழிவு என்ற அறிவிப்புகள் அக்காலத்துச் சஞ்சிகைகளில் வழக்கமாக வந்தன. சஞ்சிகைகள் சந்தாதாரரை இவ்வாறு அழைத்ததற்குக் காரணம் உண்டு. கடைக்குப் போகும் பிரதிகளில் விற்பனையாளருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். விற்காதவை திரும்பி வரும். விற்றவற்றுக்கான பணமும் பிந்தியே வரும். சந்தாப் பணமோ முழுமையாக, முன்கூட்டியே வருகிறது. அடுத்த இதழுக்குக் கடதாசி வாங்கும் பணம் அதுதான். இது லட்லோவுக்கும் பொருந்தும்; யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்கும் பொருந்தும்.

ஆனால் இலவசம் என்பது இருபுறமும் கூரான கத்தி. 1980-களின் இறுதியில் சஞ்சிகையின் அட்டையிலேயே ஒலிநாடாவை ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் பரவியது. ஒருவர் ஒரு விளையாட்டைக் கொடுத்தால் மற்றவர் இரண்டு கொடுத்தார். நாளடைவில் வாசகர்கள் நாடாவுக்காகவே சஞ்சிகை வாங்கினார்கள், பக்கங்களோ மெலிந்தன. புதிய, வலிய கணினிகள் வந்து ஸ்பெக்ட்ரத்தின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. 1991-இல் நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் வீழ்ந்தது. வேறு கைக்கு மாறிய கிராஷ் 1992 ஏப்ரல் இதழோடு நின்றது. அதே கணினிக்கான 'யுவர் சின்கிளயர்' 1993 செப்டெம்பர் இதழில் வாசகருக்கு விடைசொல்லிப் போயிற்று.

இங்கேதான் மைத்துனரின் விடைக்கு வருகிறேன். இலவச நாடா அவருக்கு நினைவிலில்லை. அவருக்கு நினைவிலிருந்தது தபாலுறை. 1986-இல் சித்தப்பா அவர் பெயரில் ஓராண்டுச் சந்தா கட்டினார். அந்த வீட்டுக்கு இரண்டு வகைத் தபால் வரும். ஒன்று, அரசாங்கக் கடிதங்கள். அவற்றைச் சித்தப்பா பிரிப்பார். மற்றது யாழ்ப்பாணத்திலிருந்து வரும் கடிதங்கள். அவை எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும், யாருக்கு என்ன நடந்ததோ என்று எல்லோரும் கூடிநின்று பயந்து பயந்து பிரிப்பார்கள். அச்சமின்றிப் பிரிக்கத்தக்க தபாலாக, மாதம் தவறாமல், அவர் பெயருக்கே வந்தது இந்தச் சஞ்சிகை ஒன்றுதான். உறையின் மேல் ஒட்டியிருந்த முகவரிச் சீட்டில் அவர் பெயர் அச்சாகியிருக்கும். தமிழ்ப் பெயரல்லவா, நீளம். சீட்டில் இடம் போதாமல் கடைசி மூன்று எழுத்துகள் எப்போதும் விடுபட்டிருக்குமாம். ஆங்கிலத்தில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தான் வாசித்த முதலாவது புத்தகமும் அதுவே என்றார். "அந்த நாட்டில எனக்கெண்டு ஒரு விலாசம் இருக்கு எண்டு அது வந்தாப் பிறகுதான் நம்பினனான்."

சந்தாதாரருக்குச் சஞ்சிகை தருவது என்ன என்ற கேள்விக்கு, இதைவிடத் தெளிவான விடையை எந்த நூலிலும் நான் வாசித்ததில்லை.

கொடுத்தவை வீண் போகவில்லை என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. கிராஷ் நின்று கால் நூற்றாண்டின் பின், 2017-இல், அதன் பெயரில் ஓர் ஆண்டுமலர் வெளியிடுவதற்காக வாசகரிடம் முன்பணம் கேட்டார்கள். அன்றைய பிள்ளைகள் நடுவயதுக்காரர்களாகி, பணம் கட்டினார்கள். மலர் வந்தது, பழைய ஆசிரியர் கீனும் ஓவியர் ஃப்ரேயும் அதில் பங்கேற்றார்கள். ஸப் 64-க்கும் அவ்வாறே மலர் வந்தது. ஒலிவர் ஃப்ரே 2022-இலும் ரொஜர் கீன் 2023-இலும் காலமானார்கள். தாங்கள் தொடங்கிய சஞ்சிகையை அதன் வாசகர்களே மீட்டெடுத்ததைக் கண்ணால் கண்டுவிட்டே அவர்கள் போனார்கள்.

இவ்வகையில் முன்பணம் திரட்டி வெளியிடும் நூல்களின் இறுதியில், பணம் கட்டியவர்களின் பெயர்களை அச்சிடுவது வழக்கம். இதைப் புதுமை என்று கணினி உலகத்தார் நினைக்கக்கூடும். தமிழ் அச்சு வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதுமை அன்று. நம் முன்னோர் இதைக் 'கையொப்பம்' என்றார்கள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பலரிடமும் கையொப்பம் திரட்டியதைத் தம் சரித்திரத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, ஆதரிப்பார் இன்மையைத் தம் பதிப்புரைகளில் மனம் நொந்து பேசினார். இன்னும் அச்சாகாத நூலுக்கு, இன்னும் பார்க்காத பக்கங்களுக்கு, ஒருவரை நம்பிப் பெயரை எழுதிக் கொடுப்பதுதான் கையொப்பம். சந்தா என்ற சொல் பிற மொழியிலிருந்து வந்தது, செயல் நம்முடையது.

யாழ்ப்பாணத்தில் 1966 ஆகஸ்டில் தொடங்கிய மல்லிகை, பின்னர் கொழும்புக்கு இடம்பெயர்ந்து 2012 வரை 400-க்கும் மேற்பட்ட இதழ்களாக வெளிவந்தது. அவ்வளவு நெடுங்காலத்துக்கு ஒரு சிற்றிதழ் வாழ்ந்ததற்கு ஜீவாவின் உழைப்பு முதற் காரணம். அதே உழைப்பின் மறுபக்கத்தில், ஒவ்வோர் ஊரிலும் காசுக்கட்டளை எடுத்து அனுப்பிய சந்தாதாரர்கள் இருந்தார்கள். அவர்களின் பெயர்கள் இலக்கிய வரலாறுகளில் இல்லை.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது. ஆசிரியர் நியமனம் பெற்ற புதிதில் ஒரு சிற்றிதழுக்குச் சந்தா கட்டினேன். அதன் பெயரை இங்கே சொல்லவில்லை, குற்றம் அதனுடையதன்று. இரண்டு ஆண்டுகள் இதழ் ஒழுங்காக வந்தது. என் கட்டுரை ஒன்றையும் வெளியிட்டார்கள். பின்னர் ஒருநாள் ஒரு தபாலட்டை வந்தது. சந்தா முடிந்துவிட்டதென்றும், கடதாசி விலை ஏறிவிட்டதென்றும், இயலுமானால் புதுப்பிக்கும்படியும் ஆசிரியர் தம் கைப்பட எழுதியிருந்தார். அந்தத் தொகை எனக்குப் பெரிதன்று. நாளைக்கு அனுப்பலாம் என்று தபாலட்டையை நன்னூல் உரைக்குள் வைத்தேன். சந்தா முடிந்த பின்னும் மூன்று இதழ்கள் வந்தன, அவற்றையும் வாசித்தேன். பிறகு இதழ் வரவில்லை. நின்றுபோயிற்று என்று ஒரு கூட்டத்தில் கேள்விப்பட்டேன். என் ஒருவனுடைய பணத்தால் அது பிழைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னைப் போல எத்தனை பேருடைய நன்னூல் உரைக்குள் அந்தத் தபாலட்டை இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த மூன்றாவது மாலையில் இதை மைத்துனரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "வகுப்பில நீங்கள் அந்தப் புத்தகத்தை விரிக்கேக்குள்ள எல்லாம் அது உள்ளுக்குள்ளதான் இருந்ததோ?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். கயிறு இழுக்காமலே மீன் வாங்கிப் போனவன் நான்.

திருவிழா முடிந்து அவர் புறப்பட்ட மறுவாரம் தபாற் கந்தோருக்குப் போனேன். வடக்கிலிருந்து வரும் ஒரு சிற்றிதழுக்கு ஓராண்டுச் சந்தாவுக்கான காசுக்கட்டளை எடுத்தேன். சந்தாதாரர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதவில்லை. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பெயரை எழுதினேன். முதற் கவிதையை எழுதி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கும் வயது அவளுக்கு. நீளமான பெயர். படிவத்தில் இடம் குறைவாயிருந்தது. எழுத்தைச் சிறிதாக்கி, கடைசி எழுத்து வரை விடாமல் எழுதிக் கொடுத்தேன்.